பிள்ளைகளின் மானமும் பெரியவர்களின் நாக்கும்

(கொல்லிமலைச் செம்மேட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இம்மலைக்கு வந்திருக்கிறேன். வந்தவன் சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும்தான் பேசுவான் என்று உங்களில் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைத் தொடாமலும் நான் போகப் போவதில்லை. ஆனால் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளைகளை அடிப்பதைப் பற்றிக்கூட அல்ல. கையை ஓங்காமலே, ஒரு சொட்டு இரத்தம் வராமலே, நாக்கினாலும் முகத்தினாலும் மாத்திரம் பிள்ளையைச் சாகடிக்கிறோமே, அந்த மனோ இம்சையைப் பற்றியது. அதைக் கண்டுகொள்வது எப்படி, கண்டால் யாரிடம் சொல்லுவது என்கிற இரண்டு சங்கதிகளைத்தான் சொல்ல வந்தேன்.

"இது என்ன பெரிய விஷயம்? எங்கள் அப்பன் எங்களைத் திட்டவில்லையா? நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். தீண்டாமையைப் பற்றிப் பேசினபோதும், பெண்ணடிமையைப் பற்றிப் பேசினபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தானே இருந்து வருகிறது?" என்றார்கள். வெகுகாலமாக இருந்து வருகிறது என்பது ஒரு காரியம் பழையது என்பதற்கு ருசுவாகுமே தவிர, அது சரியானது என்பதற்கு ருசுவாகாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் காட்டில் மரவள்ளி பிடுங்கிவிட்டு வீடு திரும்பிய தாய், அடுப்பங்கரையில் பிள்ளை எதையோ கொட்டிவிட்டான் என்று ஒரு சத்தம் போட்டால், அதை நான் இம்சை என்று சொல்லவில்லை. அப்படிச் சத்தம் போட்ட தாய் அரை மணியில் அவனை இழுத்து வைத்துச் சோறு போடுவாள். பிள்ளைக்கும் தெரியும், அம்மா கோபித்தது கொட்டினதற்குத்தான் என்று. நான் சொல்லுவது வேறு. நாள்தோறும் ஒரு பிள்ளையை, "நீ எதற்கும் உதவாதவன், நீ பிறந்ததே தப்பு, உன்னால்தான் இந்த வீடு கெட்டது" என்று சொல்லிக்கொண்டே இருப்பது, பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்துவது, பயமுறுத்தியே வளர்ப்பது, ஒருவார்த்தை பேசாமல் நாட்கணக்கில் ஒதுக்கி வைப்பது, ஒரு பிள்ளையை மடியிலும் இன்னொரு பிள்ளையை வாசலிலும் வைப்பது, "ஓடிப்போய்விடுவேன், கிணற்றில் விழுந்துவிடுவேன்" என்று பெரியவர்களே பிள்ளையை மிரட்டுவது. இவைகளைத்தான் இம்சை என்கிறேன். கோபம் செய்த காரியத்தின்மேல் விழுந்தால் அது கண்டிப்பு. பிள்ளையின் மானத்தின்மேல், தினந்தோறும் விழுந்தால் அது இம்சை.

நீங்கள் மிளகு வைத்திருக்கிறவர்கள். கொடியில் வாடல் விழுந்தால் என்ன நடக்கிறது? வேர் மண்ணுக்குள் அழுக ஆரம்பித்து வெகுநாள் கழித்துத்தான் இலை மஞ்சளாகிறது. இலை மஞ்சளாகிற அன்றைக்குத்தான் வியாதி வந்தது என்று எந்தக் குடியானவனும் நினைக்க மாட்டான். பிள்ளை விஷயத்தில் மாத்திரம் அப்படி நினைக்கிறோம். பதினைந்து வயதில் பையன் குடிக்கப் போனான், பெண் மருந்தைக் குடித்தாள் என்றால், "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்கிறோம். வேரைப் பார்த்தவர்கள் யார்?

நமது நாட்டில் பிள்ளையைத் திட்டுகிற பாஷையைக் கொஞ்சம் கவனியுங்கள். சனியன் என்கிறோம், மூதேவி என்கிறோம். சனிக்குத் திருநள்ளாறு வரை போய் எண்ணெய் விளக்குப் போடுகிறவர், வீட்டுக்கு வந்ததும் அதே பேரைச் சொல்லிப் பெற்ற பிள்ளையைத் திட்டுகிறார். அந்தப் பேர் கும்பிடத்தக்கதா, திட்டத்தக்கதா என்று அவரே யோசித்ததில்லை. உபாத்தியாயர் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்கிறார். மாடு மேய்ப்பவன் இல்லாவிட்டால் அந்த உபாத்தியாயர் காலையில் எந்தக் காப்பியைக் குடிப்பார்? அவர் சொல்லுகிற ஒரு வார்த்தையில் பிள்ளைக்கு ஓர் அவமானமும், அவன் தகப்பன் தொழிலுக்கு ஓர் அவமானமும் சேர்ந்தே போகிறது.

இதற்கும் மேலே ஜோசியம் ஒன்று இருக்கிறது. சமவெளியில் ஓர் ஊருக்குப் பிரசாரத்துக்குப் போயிருந்தபோது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். எட்டு வயதிருக்கும், ஒரு பெண் குழந்தை செம்பில் கொண்டு வந்தது. திண்ணையிலிருந்த கிழவி, "அவள் கையால் வாங்காதீங்க, அப்பனை முழுங்கிட்டுப் பிறந்தவள்" என்றாள். குழந்தை செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. "அப்பன் எப்படிச் செத்தான்?" என்று கேட்டேன். லாரி கவிழ்ந்து செத்தானாம். "லாரியில் இன்னும் யார் யார் போனார்கள்?" என்றேன். இன்னும் இரண்டு பேர் போனார்களாம். "அந்த இரண்டு பேர் வீட்டிலும் இதே நட்சத்திரத்தில் பெண் பிறந்திருக்கிறதா?" என்று கேட்டேன். கிழவியிடம் பதில் இல்லை. லாரிக்காரன் தூங்கினதற்கு எட்டு வயதுக் குழந்தை ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. பெண் மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது, கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று எழுதி வைத்தவன் போய்விட்டான். அதைத் தினம் காதில் கேட்டுக்கொண்டு வளர்கிற பிள்ளைதான் இருக்கிறது. ஒரு குழந்தையிடம் "நீ கொலைகாரி" என்று தினமும் சொல்லுவதைக் காட்டிலும் பெரிய இம்சை என்ன இருக்கிறது?

அடுத்தது பயம். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்பது நாம் பிள்ளைக்குக் கொடுக்கிற முதல் பாடம். பொய் சொல்லிப் பிழைக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் இரண்டு கண்ணோடு திரிவதைப் பிள்ளை பார்க்கிறது. ஆனாலும் இருட்டில் போர்வைக்குள் நடுங்குகிறது. உங்கள் மலைக்கென்றே ஒரு கொல்லிப்பாவை இருக்கிறது. சிரித்தே ஆளைக் கொல்லும் என்று பழங்கதை. பெரியவர்கள் ரசிக்கிற கதையாக அது இருந்து போகட்டும். அதைச் சொல்லிப் பிள்ளையைத் தூங்க வைப்பதும், அதைச் சொல்லிச் சோறூட்டுவதும் எதற்கு? பயந்து வளர்ந்த பிள்ளைதான் நாளைக்குப் பூசாரிக்கும், பண்ணைக்காரனுக்கும், தாலுகா ஆபீஸ் சேவகனுக்கும் கைகட்டி நிற்கிறது. அடிமைத்தனம் தொட்டிலில் ஆரம்பமாகிறது என்று நான் சொல்லுவது இதனால்தான்.

இதில் எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்றுண்டு. மனம் ஒடிந்துபோன பிள்ளை பேச்சை நிறுத்துகிறது, இரவில் அலறுகிறது, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி வருகிறது. உடனே "காற்றுக் கருப்பு" என்கிறோம். கயிறு கட்டுகிறோம், வேப்பிலையால் அடிக்கிறோம், உடுக்கையை அடித்து நடுராத்திரியில் "நீ யார், எங்கிருந்து வந்தாய்?" என்று அக்குழந்தையை மிரட்டுகிறோம். பயத்தினால் வந்த வியாதிக்குப் பயத்தையே மருந்தாகக் கொடுக்கிறோம். தீயினால் சுட்ட கையைத் தீயிலேயே காட்டுகிற வைத்தியம் எந்த நாட்டிலாவது உண்டா?

பெற்றவர்களுக்குப் பிள்ளை சொத்து என்கிற எண்ணத்துக்குப் புராணமும் துணை நிற்கிறது. சிறுத்தொண்டர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி கேட்டான் என்று தகப்பனும் தாயுமாகச் சேர்ந்து பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைத்தார்கள் என்று கதை. இதற்குப் பக்தி என்று பெயர். அந்தக் கதையில் பிள்ளையின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா? முடிவில் பிள்ளை உயிரோடு ஓடி வந்தான் என்று கதையை முடித்துக்கொள்கிறார்கள். இங்கே உங்கள் அறப்பளீசுவரர் கோயிலிலும், அறுத்த மீன் பொருந்தி ஆற்றில் துள்ளி ஓடிற்று என்கிறார்கள். கதையில் அறுத்தது எல்லாம் பொருந்துகிறது. ஒரு பிள்ளையின் மனத்தை அறுத்துவிட்டுப் பாருங்கள். அதைப் பொருத்தித் தருகிற சாமி எந்த மலையிலும் இல்லை.

நிற்க, இது ஏதோ புதிதாக வெளிநாட்டிலிருந்து வந்த பேச்சு என்று நினைக்க வேண்டாம். நமது இயக்கத்தின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். பொதுஜனப் பணத்தில் நடந்த குருகுலம். அதில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, தனித் தண்ணீர்ப் பானை. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், பின்னால் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்துக்கு முதல்மந்திரியாயிருந்தவர், அவருடைய மகன் அங்கே படித்தான். தாகத்துக்கு அந்தத் தனிப் பானையில் மொண்டு குடித்ததற்காக அவன் தண்டிக்கப்பட்டான் என்றும், அதைத் தகப்பனாரிடம் வந்து சொன்னான் என்றும், அவர் அதைப் பெரியாரிடம் சொன்னார் என்றும் நம் இயக்க வரலாறு கூறுகிறது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எடுத்துக்கொண்டு போராடினார்கள். 1925-இல் தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? ஒரு சிறு பையன் வந்து சொன்னான், தகப்பன் நம்பினார். "ஐயர் பெரிய தியாகி, அவர் அப்படிச் செய்வாரா? நீ என்ன குறும்பு செய்தாய்?" என்று அவர் கேட்டிருந்தால் விஷயம் அந்த வீட்டுக்குள்ளேயே செத்திருக்கும். பிள்ளை சொன்னதைப் பெரியவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டதனால் ஒரு நாட்டின் அரசியலே திரும்பிற்று. டாக்டர் அம்பேத்கரும் சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் தனியே கோணிச்சாக்கில் உட்கார வைக்கப்பட்டவர். சேவகன் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர். அவரை யாரும் அடிக்கவில்லை என்று சொல்லி அதை இம்சையில்லை என்று சொல்லிவிட முடியுமா?

அது அந்தக் காலம் என்பீர்கள். 2023 ஆகஸ்டில் அதே திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் நடந்தது என்ன? தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கூடப் படித்த வேறு சாதிப் பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது உள்ளதைச் சொன்னான். சொன்னதற்காக இரவில் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சர்க்கார் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்டு விசாரித்து, 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். இதிலிருந்து இரண்டு பாடம் படிக்க வேண்டும். ஒன்று, அரிவாள் வருவதற்கு வெகுநாள் முந்தியே வார்த்தை வந்துவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றதே அதற்கு அடையாளம். இரண்டு, சொல்லுகிற பிள்ளையைக் காப்பாற்றுவது அதைக் கேட்டுக்கொண்ட பெரியவர்களின் பொறுப்பு.

மலைப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். சமவெளிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் "மலைக்காரன்" என்று கேலி. கீழே இறங்கினால் நாமக்கல், இராசிபுரம். முட்டைக்குப் பேர்போன ஜில்லா. அங்கே கோழிப்பண்ணையும் உண்டு, பிள்ளைப்பண்ணையும் உண்டு என்று ஜனங்களே பேசிக்கொள்கிறார்கள். விடியுமுன் எழுப்பி, மார்க்குக்காகவே அடைத்து வைத்து, மார்க்குக் குறைந்தால் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி அவமானப்படுத்துவதை நல்ல படிப்பு என்று பணம் கட்டி வாங்குகிறோம்.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 2007-இல் இந்திய சர்க்காரின் பெண்கள் குழந்தைகள் நல இலாகா 13 மாகாணங்களில் 12,447 பிள்ளைகளைக் கேட்டு அறிக்கை வெளியிட்டது. இரண்டில் ஒரு பிள்ளை மனோ இம்சை அனுபவித்ததாகச் சொல்லிற்று. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். இம்சைப்படுத்தினவர்களில் 100-க்கு 83 பெற்றவர்களே! பெண் குழந்தைகளில் 100-க்கு 48 பேர், "நாங்கள் ஆணாய்ப் பிறந்திருக்கக் கூடாதா?" என்றார்களாம். தமிழ்நாடு அந்த 13-இல் சேரவில்லை. சேராததனால் நாம் யோக்கியர்கள் ஆகிவிட மாட்டோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 17,000-க்கு மேற்பட்ட பெரியவர்களின் பிள்ளைப் பருவத்தை விசாரித்தார்கள். 1998-இல் அதன் முதல் முடிவு வெளிவந்தது. இழிசொல், அடி, வீட்டுச் சண்டை முதலிய துன்பங்கள் எவ்வளவு அதிகமாகச் சேர்ந்தனவோ, அவ்வளவுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும், குடியும், தற்கொலை முயற்சியும், இருதய வியாதியும்கூட அதிகமாயிருக்கக் கண்டார்கள்.

இனி, கண்டுகொள்வது எப்படி? கலகலப்பாயிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால், திக்க ஆரம்பித்தால், பள்ளிக்கூடம் போகும் வேளை மாத்திரம் வயிற்றுவலி வந்தால், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டால், யாரும் கேட்காமலே "நான் செய்யவில்லை" என்று சொன்னால், தன்னையே கீறிக்கொண்டால், தன்னைவிடச் சின்னதையும் நாய்க்குட்டியையும் வதைத்தால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று தானே சொன்னால், உட்கார்ந்து விசாரியுங்கள். வாய் திறக்காமல் சொன்னதையெல்லாம் செய்கிற பிள்ளையையும் கவனியுங்கள். அடக்கம் என்று நாம் மெச்சுவது பல சமயம் பயமாயிருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டவுடனே யார் பேரிலாவது குற்றம் சாட்டிவிடக் கூடாது. வேறு வியாதியாகவும் இருக்கலாம், ஆஸ்பத்திரியிலும் காட்டுங்கள். பல அடையாளம் சேர்ந்து, பல நாள் நீடித்தால், காரணத்தைத் தேடாமல் விடாதீர்கள்.

பிள்ளை பேசினால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். யாருக்குப் பயப்படுகிறதோ அவர் முன்னிலையில் கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, தப்பு உன்னுடையதல்ல" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். உதவி செய்யக்கூடியவரிடம் சொல்லியாக வேண்டும். எந்தத் தேதி, என்ன வார்த்தை என்று பிள்ளை சொன்னபடியே எழுதி வையுங்கள். செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் பேரையோ படத்தையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு, பள்ளிக்கூடத்தில் அடியை மாத்திரமல்ல, மனத்தை வதைப்பதையும் தடுக்கிறது. சாதியைச் சொல்லி, தகப்பன் தொழிலைச் சொல்லிக் கேலி செய்வதும் அதில் சேரும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் சொல்லுகின்றன. அந்த விதிகளை அமல்படுத்தும்படி 2024-இல் சென்னை ஹைகோர்ட்டும் உத்தரவிட்டது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆவது பிரிவின்படி, தன் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்தி அனாவசியமான மனத்துன்பமோ உடல்துன்பமோ உண்டாக்கினால் 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளைப் பராமரிக்கும் ஸ்தாபனத்தின் ஆட்களானால் 5 வருஷம் வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். பிள்ளையின் பயத்துக்குப் பின்னால் தகாத தொடுதல் ஏதாவது இருந்தால், 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி அதை அறிந்த எவரும் தெரிவித்தே தீர வேண்டும்; பெரியவர் மறைத்தால் மறைத்தவரும் குற்றவாளி.

யாரிடம் சொல்லுவது? 1098 என்கிற நாலு எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள். இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் காசில்லை, பிள்ளையே கூப்பிடலாம். பள்ளிக்கூட விஷயமானால் 14417. அவசரமானால் 112. ஜில்லாதோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், குழந்தைகள் நலக் குழுவும் உண்டு; எழுதியும் கொடுக்கலாம். சொன்னவுடனே அப்பனையும் ஆத்தாளையும் ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பிள்ளையைக் காப்பாற்றவும், பெற்றவர்களுக்குப் புத்தி சொல்லவும், வறுமையானால் வழி காட்டவும்தான் அந்தக் குழுக்கள் முதலில் பார்க்க வேண்டும். மிளகு பறிக்கப் பெற்றவர்கள் வெளியூர் போய், பாட்டியிடமோ விடுதியிலோ பிள்ளையை விட்டிருந்தால், அது குற்றமல்ல, வயிற்றுப்பாடு. அந்தப் பிள்ளைகளுக்கு ஊரே தகப்பன் தாயாக இருந்து கண் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது.

"அடுத்த வீட்டு விவகாரத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்?" என்பார்கள். அடுத்த வீட்டுக் கூரை எரிந்தால் அது அவன் விவகாரம் என்று படுத்துக்கொள்கிறோமா? "ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். பேசட்டும், ஆனால் அந்தப் பேச்சில் பிள்ளைக்காகப் பேசுகிறவர் யார்? இரண்டு பெரியவர்கள் சமாதானமாகி வெற்றிலை மாற்றிக்கொண்டால் பிள்ளையின் காயம் ஆறிவிடுமா? "அடியாத மாடு படியாது" என்பார்கள். நாம் வளர்ப்பது மாட்டை அல்லவே!

கடைசியாக நமது தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் சுயமரியாதை பேசிவிட்டு வீட்டுக்குப் போய், எதிர்த்துக் கேள்வி கேட்ட மகளைப் பார்த்து "வாயை மூடு கழுதை" என்கிறவர் நம்மிலும் இருக்கிறார். பெரியவர் சொன்னால் ஏன் என்று கேட்காதே என்பதைத்தானே மனுதர்மமும் சொல்லுகிறது? ஏன், எதற்கு என்று கேள் என்று ஊருக்குச் சொன்ன இயக்கம், முதலில் தன் வீட்டுப் பிள்ளையைக் கேட்க விட வேண்டும். சுயமரியாதை என்பது வயது வந்தவுடன் ஓட்டுரிமை மாதிரி கிடைக்கிற சமாசாரம் அல்ல. ஐந்து வயதில் பறித்துக்கொண்டதை ஐம்பது வயதில் எந்தப் பிரசங்கமும் திருப்பிக் கொடுக்காது.

தோழர்களே! நான் சொன்னதற்காக இவற்றை நம்ப வேண்டாம். உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால், இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு யாரைக் கண்டால் பயம்?" என்று கேளுங்கள். பிள்ளை உங்கள் பேரையே சொன்னாலும் கோபிக்காமல் கேளுங்கள்.